சுவர் வரைக்கும் போகும் பாதை

ராத்திரி பதினொன்றரை மணி. ரோட்டின் இரண்டு பக்கமும் பொட்டல். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒரு விளக்கு இல்லை. எங்கள் லாரி இருமியது... மறுபடி இருமியது... அப்படியே ஓரமாக நின்றுவிட்டது.

காரணம் நான்தான். பங்க்கில் டிரைவர் அண்ணன் முகம் கழுவப் போயிருந்தார். நம்மால் ஆன உதவி என்று நான் இறங்கி நின்றேன். "பெட்ரோலா சார்?" என்று கேட்டார்கள். பேரே பெட்ரோல் பங்க், இதில் கேள்வி வேறா என்று நினைத்து, பத்து லாரிக்குச் சொந்தக்காரன் மாதிரி தலையை ஆட்டினேன். இது டீசல் லாரி.

டிரைவர் அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல படம் போடுறவர்தானே?"

"ஆமாண்ணே."

"அதை மட்டும் பண்ணுங்க."

மெக்கானிக்குக்குப் போன் போட்டோம். வருகிறேன் என்றார். எப்போது என்று அவர் சொல்லவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

லாரியில் நாங்கள் நாலு பேர். கூட ஒரு மரம். மரம் என்றால் தொட்டிச் செடி இல்லை, ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற அளவுக்குத் தண்டு பருத்த வாகை மரம். வேரோடு தோண்டி, வேரை மண்ணோடு சாக்கில் சுற்றி, லாரியில் படுக்க வைத்திருந்தோம். வெயிலில் கொண்டுபோனால் வாடிவிடும் என்பதால்தான் ராத்திரிப் பயணம். இலைகளைக் கழித்துவிட்டார்கள். உச்சியில் ஒரு கிளையில் மட்டும் சில காய்ந்த நெற்றுகள் மிச்சம். லாரி ஓடும்போது அவை கலகலவென்று ஆடின. இப்போது லாரி நிற்கிறது. காற்றும் இல்லை. ஆனாலும் அவ்வப்போது... ஒரு சின்னக் கலகலப்பு.

மேஸ்திரி, அதாவது எங்களுக்குப் பாதைக் கல் பதிப்பவர், குடத்திலிருந்து தண்ணீர் எடுத்துச் சாக்கை நனைத்தார். டிரைவர் அண்ணன் சுள்ளி பொறுக்கி வந்து, லாரிக்குப் பின்னால் சின்னதாகத் தீ மூட்டினார். மூன்று பேரும் தார்ப்பாயை விரித்து ஒட்டி உட்கார்ந்தோம்.

நாலாவது ஆள் அக்கா. முன்சீட்டில், ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். என் கூடப்பிறந்த அக்கா இல்லை. என் நண்பனின் அக்கா. கட்டடத்துக்கு ஒரு இன்ஜினியர் இருப்பதுபோல, கட்டடத்தைச் சுற்றிக் கிடக்கும் மண்ணுக்கு அக்கா. எங்கே புல், எங்கே நிழல், எங்கே நடை என்று முடிவு செய்வது அவர் தொழில். அதைக் கம்ப்யூட்டரில் வரைவது என் தொழில். நல்லவர்தான். ஒரே குறை, எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. "சாப்டீங்களாக்கா?" என்று கேட்டால், "ஏன், உனக்குப் பசிக்குதா?" என்பார்.

"ஏதாவது பேசுங்க தம்பி," என்றார் மேஸ்திரி. "நீங்க பண்ண வேலைக்கு எங்களைத் தூங்காமலாவது பாத்துக்கணும்."

"பேய்க்கதை சொல்லட்டுமா?"

"உங்களுக்கு நடந்ததா?"

"இல்ல. என் ஃப்ரெண்டோட சொந்தக்காரங்க ஒருத்தருக்கு."

"எல்லாப் பேயும் ஃப்ரெண்டோட சொந்தக்காரங்களைத்தான் புடிக்குது," என்றார் டிரைவர் அண்ணன். "நமக்கு நேரா ஒண்ணும் வரமாட்டேங்குது."

முன்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா அசையவில்லை. தூங்குகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆரம்பித்தேன்.

ஒரு பழைய பல்கலைக்கழகக் கட்டடம். கருங்கல் சுவர், மரப்படிகள், ஆளுயர ஜன்னல்கள், நின்றுபோன ஒரு கடிகாரம். அதைச் சுற்றியிருக்கும் மைதானத்தைப் புதுசாக அமைக்கும் வேலை ஒரு பெண்மணிக்கு வந்தது. அவர் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தனி. எடுத்தவுடன் பாதை போடமாட்டார். இருக்கிற சிமென்ட் நடைகளையெல்லாம் பெயர்த்துவிட்டு, முழுக்கப் புல் போட்டு, ஒரு மழைக்காலம் சும்மா விட்டுவிடுவார். மனுஷன் சோம்பேறி. கிட்டத்து வழியில்தான் நடப்பான். கால் பட்டுப் பட்டுப் புல் தேயும். எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே கல் பதித்தால் போதும். பாதையை நாம் போட வேண்டாம், அவர்களே போட்டுக் காட்டுவார்கள் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையைச் சொல்லித்தான், கட்டடக் குழுவோடு வாதாடி வேலையையே வாங்கினார்.

"அவர்கிட்ட ஒரு உதவாக்கரை வேலை பாத்தான்," என்றேன். "தினம் காலைல ஒரு டின்னுல சுண்ணாம்புத் தூளை எடுத்துக்கிட்டுப் போய், புல் எங்க தேஞ்சிருக்குன்னு பார்த்துக் கோடு போடணும். அதுதான் அவன் வேலை."

"அந்த உதவாக்கரையை எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன்," என்றார் டிரைவர் அண்ணன்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி... இது நம்ம இடம் இல்ல?"

மாட்டிக்கொண்டேன். மறைத்துப் பிரயோஜனம் இல்லை.

"நம்ம இடம்தான். அந்தச் சுவர்ப் பக்கப் பாதை."

மேஸ்திரி தார்ப்பாயில் கொஞ்சம் உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார். "நான் கல் பதிச்ச பாதை," என்றார், டிரைவர் அண்ணனிடம். "சரி, மேல சொல்லுங்க. எனக்கும் தெரியணும்."

மழை விட்டதும் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வாசலிலிருந்து நூலகத்துக்கு ஒன்று. விடுதியிலிருந்து கேன்டீனுக்கு ஒன்று, அதுதான் ஆழமானது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒன்று, அது ஜோடி ஜோடியாகப் போகிறவர்கள் போட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது.

ஒன்றைத் தவிர.

கட்டடத்தின் பக்கவாட்டுக் கதவிலிருந்து கிளம்புகிறது அது. நேராகப் போகிறது. நடு மைதானத்தில்... ஒன்றுமே இல்லாத வெட்டவெளியில்... எதையோ சுற்றிக்கொண்டு போவதுபோல அரைவட்டமாக வளைகிறது. மறுபடி நேராகிறது. போய், மதில் சுவரில் முட்டி நிற்கிறது. அங்கே வாசல் கிடையாது. குழாய் கிடையாது. நிழல்கூடக் கிடையாது.

அந்தப் பக்கம் யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. ஆனால் புல் நாளுக்கு நாள் தேய்ந்தது.

இன்னொன்று. ஆட்கள் போய்த் திரும்பும் பாதையில் புல் இரண்டு பக்கமும் மிதிபட்டுக் குழம்பிக் கிடக்கும். இதில் புல் முழுக்க ஒரே திசையில் படுத்திருந்தது. சுவரைப் பார்த்து. போன கால் இருக்கிறது. வந்த கால் இல்லை.

"யாராவது பசங்க வேலையா இருக்கும்," என்றார் டிரைவர் அண்ணன். சொல்லிவிட்டுத் தீயில் ஒரு சுள்ளியைப் போட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அல்லது நினைக்க விரும்பினேன். ஒருநாள் காலையில் அந்தத் தேய்ந்த திட்டுகளில் கால் வைத்து நடந்து பார்த்தேன். எட்டவில்லை. ஒரு திட்டுக்கும் அடுத்ததற்கும் நான் தவளை மாதிரி தாவ வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான எட்டு. பக்கத்தில் வாக்கிங் போன இரண்டு பேர் நின்று என்னை வேடிக்கை பார்த்தார்கள். நான் சிரித்துச் சமாளித்தேன்.

ஆனால் அவ்வளவு நீள எட்டு வைத்து நடந்த ஓர் ஆளை எனக்குத் தெரியும்.

அவனை நாங்கள் ஏணி என்றுதான் கூப்பிடுவோம். அந்தக் கட்டடத்தில்தான் இரண்டு பேரும் படித்தோம். ஆள் அவ்வளவு உயரம். எந்நேரமும் ஓர் இருமல், அதற்கு எந்நேரமும் வாயில் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய். அவனோடு நடந்தால் நான் ஓட வேண்டும். நான் எங்கே ஓடினேன், எல்லா இடத்துக்கும் கடைசியாகத்தான் போய்ச் சேருவேன். அதனால் இடம் பிடிக்கும் வேலையை அவனாகவே எடுத்துக்கொண்டான். வகுப்பிலோ பஸ்ஸிலோ கேன்டீன் பெஞ்சிலோ, ஓரமாக உட்கார்ந்து பக்கத்து இடத்தில் உள்ளங்கையை விரித்து வைத்துவிடுவான். யார் கேட்டாலும், "ஆள் வருது" என்பான். நான் லீவு போட்ட நாளில்கூடப் பாதி வகுப்பு வரை கையை எடுக்கமாட்டானாம்.

அந்த நாளில் மைதானத்தின் நடுவே பெரிய வாகை மரம் ஒன்று இருந்தது. மதிலில் ஒரு சின்ன வாசல் இருந்தது. வாசலைத் தாண்டினால் ரோடு. ரோட்டைத் தாண்டினால் பஸ் ஸ்டாப். சாயங்காலம் மணி அடித்ததும் ஏணி பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வருவான், மரத்தைச் சுற்றிக்கொண்டு போவான், போகிற போக்கில் தண்டில் ரெண்டு தட்டுத் தட்டுவான், வாசல் வழியாகப் பஸ்ஸுக்கு ஓடுவான். இடம் பிடிக்க.

ஒருநாள் அப்படி ஓடும்போது ஒரு லாரி வந்தது.

அதற்குமேல் அதை எனக்குச் சொல்லத் தெரியாது. டிரைவர் அண்ணனும் கேட்கவில்லை.

அப்புறம் அந்த வாசலை அடைத்துச் சுவர் எழுப்பினார்கள். சில வருஷம் கழித்து ஒரு புயலில் மரமும் விழுந்தது. வேரைப் பிடுங்கி, குழியை மூடினார்கள். இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே மரம் இருந்ததே தெரியாது. வாசல் இருந்ததும் தெரியாது.

"அப்போ அந்த வளைவு..." என்றார் டிரைவர் அண்ணன்.

"மரம் நின்ன இடம்."

லாரியின் மேலே நெற்றுகள் கலகலத்தன. மூன்று பேரும் மேலே பார்த்தோம். அப்புறம் யாரும் பார்க்காத மாதிரி தீயைப் பார்த்தோம்.

ஒருநாள் சாயங்காலம், இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், நான் அந்தச் சுவரோரம் போய் நின்றேன். கையில் சுண்ணாம்பு டின். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். உள்ளே கடைசி மணி அடித்தது. பிள்ளைகள் வேறு பக்கமாகக் கலைந்து போனார்கள். மைதானம் அமைதியானது.

பக்கவாட்டுக் கதவு திறக்கவில்லை. ஆனால் புல்லில் சத்தம் கேட்டது.

சரக்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

சரக்.

எட்டுக்கும் எட்டுக்கும் நடுவே அவ்வளவு இடைவெளி. நடு மைதானம் வரை வந்தது. அங்கே... தப், தப். உள்ளங்கையால் மரத்தைத் தட்டும் சத்தம். அந்த இடத்தில் மரம் இல்லை, கம்பம் இல்லை, ஒரு குச்சி இல்லை. தப், தப். என் கையிலிருந்த டின் நழுவி, சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே உருண்டது. அப்புறம் சத்தம் வளைந்து, சுற்றி, நேராக என் பக்கம் வந்தது. என்னைத் தாண்டும்போது பெப்பர்மின்ட் வாசனை அடித்தது. சுவர் வரை போனது. நின்றது.

திரும்பிப் போகும் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. யாரோ சுவரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். ஓர் இருமல் கேட்டது. மெதுவாக, வாயைப் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல்.

"நீங்க என்ன பண்ணீங்க?" என்றார் மேஸ்திரி.

"வீரமா நின்னு பேச்சுக் குடுத்தேன்னு சொல்ல ஆசைதான். உருண்ட டின்னை விட்டுட்டு ஓடினேன். செருப்பு ஒண்ணு அங்கேயே கிடந்தது."

மறுநாள் விடிந்ததும் செருப்பை எடுக்கப் போனால், எனக்கு முன்னால் அக்கா அங்கே நின்றுகொண்டிருந்தார். கொட்டின சுண்ணாம்பு புல்லில் வெள்ளையாகப் பரவிக் கிடந்தது. அதில் ஒரு பக்கம் என் காலடிகள், தாறுமாறாக, ஒன்றில் செருப்பு, ஒன்றில் வெறுங்கால். இன்னொரு பக்கம் ஒரு ஜோடி பெரிய ஷூ தடம். நீள நீளமாகப் போய், கடைசி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், முனை சுவரைத் தொட்டபடி நின்றிருந்தன.

திரும்பிய தடம் இல்லை.

அக்கா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சுண்ணாம்பைக் கொட்டினது நீதானே? பெருக்கிடு," என்றார். அவ்வளவுதான். நான் என் தடங்களை மட்டும் பெருக்கினேன். மற்றதன் மேல் துடைப்பத்தை வைக்க மனசு வரவில்லை.

அந்த வாரம் குழுவின் தலைவர் வந்து கோடுகளைப் பார்த்தார். சுவர்ப் பக்கம் வந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். "கால் போற இடத்துக்குத்தான் பாதைன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க? கால் சுவர் வரைக்கும் போகுது. அப்போ சுவர்ல ஒரு வாசல் வேணும்னுதானே அர்த்தம்?" என்றார். நியாயமான கேள்வி. அக்காவின் கொள்கையை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அக்கா, "வாசல் வராது," என்றார்.

ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்டார்கள். சொல்லவில்லை. பாதை வேண்டும், வாசல் வேண்டாம், நடுவில் ஒரு வாகை மரம், சுவரோரம் ஒரு கல் பெஞ்சு என்று என்னிடம் வரையச் சொன்னார். நானும் எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன். "உனக்கு வரைய முடியுமா, முடியாதா?" என்பதுதான் பதில். நாளைக்குக் காலையில் மரம் நட்டதும் குழு பார்க்க வருகிறது. சரியான காரணம் சொல்லாவிட்டால் சுவரை இடித்து வாசல் வைத்துவிடுவதாகத் தலைவர் சொல்லிவிட்டார்.

"ஒருவேளை வாசல் வச்சா அவரு வெளிய போயிடுவாரோ என்னவோ," என்றார் டிரைவர் அண்ணன். அவர் குரல் ரொம்பத் தணிந்திருந்தது. "பாவம், எத்தனை வருஷமா சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறாரு. நானா இருந்தா திறந்து விட்டுருவேன்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றேன். "சொந்த அக்கா. தம்பியை வெளிய விடக்கூடாதுன்னு என்ன பிடிவாதமோ."

"முந்தாநாள் பெஞ்சு போட்டேன்," என்றார் மேஸ்திரி. "எப்பவும் பாதையோரமா, பாதையைப் பாக்கற மாதிரிதானே போடுவோம். மேடம் சுவத்துக்கு முதுகு குடுத்து, கட்டடத்தைப் பாத்துப் போடச் சொன்னாங்க. வர்றவங்க முகம் தெரியணுமாம்."

முன்பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேரும் ஒருவர் தொடையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். யார் தொடையை யார் பிடித்தோம் என்று இன்றுவரை முடிவாகவில்லை.

அக்காதான். போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"தூங்கலையாக்கா?"

"நீ கதை சொன்னா ஊரே தூங்காது."

திட்டுவார் என்று தலையைக் குனிந்தேன். அவர் திட்டவில்லை. தார்ப்பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டி, ஈரச் சாக்கின் மேல் வைத்துக்கொண்டார். தீயின் வெளிச்சத்தில் அவர் தாடை அப்படியே ஏணியின் தாடை. இத்தனை வருஷத்தில் நான் அதைக் கவனித்ததில்லை.

"அக்கா," என்றேன். "படத்துல வாசல் போடட்டுமா, வேண்டாமா? வேண்டாம்னா ஏன்? எனக்காவது சொல்லுங்க."

'ஏன், உனக்கு வாசல் வேணுமா?' என்று கேட்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். சுள்ளி வெடித்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு வண்டிச் சத்தம் வருவதுபோல் இருந்து, இல்லாமல் போனது.

"வாசல் வச்சா ரோட்டுக்குப் போயிடுவான்டா," என்றார் அக்கா.

எனக்குப் புரிவதற்குள் அவரே சொன்னார். "தினம் சாயங்காலம் போவான். இடம் புடிக்க ஓடுவான். தினம் அந்த லாரி வரும்."

டிரைவர் அண்ணன் இதுவரை பின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெதுவாக முதுகை எடுத்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் அவனுக்கு அந்தச் சுவர்தான் காவல். நான் எப்படி இடிப்பேன்?" அக்கா சாக்கைத் தடவிக்கொண்டே பேசினார். "ஆனா நின்னுக்கிட்டே இருக்கானே. சுவத்தைப் பாத்துக்கிட்டு. கால் வலிக்காதா? அதான் பெஞ்சு."

"மரம்?"

"இல்லாத மரத்தைச் சுத்திக்கிட்டுப் போறான். தட்டறதுக்காவது ஒண்ணு இருக்கட்டும்."

மேஸ்திரி மூக்கை உறிஞ்சினார். புகை என்று சொல்லித் தீயிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காலைல குழுவுக்கு என்ன சொல்வீங்க?"

"பாதை பெஞ்சுக்குப் போகுதுன்னு சொல்வேன். பொய்யா அது?"

பொய் இல்லை. கால் போன இடத்துக்குத்தான் பாதை. போன கால் அங்கே உட்கார ஓர் இடம். இதைவிடச் சரியாக யாராலும் வரைய முடியாது. எனக்கு ஏதாவது வேடிக்கையாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்க வேண்டும்போல் இருந்தது. ஒரு சுள்ளியை எடுத்துத் தீயைக் கிளறினேன்.

"உக்காருவானாக்கா?" என்றேன். "பெஞ்சைக் கவனிக்காம சுவத்துக்கிட்டயே போய் நின்னுட்டான்னா?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். எதிர்க்கேள்வி ஒன்றும் கேட்காமல், கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார்.

"உக்காந்துட்டான். நேத்துக் காலைல போய்ப் பாத்தேன். பெஞ்சு முழுக்கப் பனி. ஓரத்துல மட்டும், ஒரு ஆள் உக்காந்த அகலத்துக்குக் காஞ்சு கிடந்தது. அதுக்குப் பக்கத்துல... உள்ளங்கை அளவுக்கு, விரல் விரலா, தனியா காஞ்சிருந்தது."